வெண்புள்ளி: நோய்ப் பெயரும் நோயறிவும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோய்களுள் சில உயிரைப் பறிப்பன. சில உறுப்பைச் சிதைப்பன. சில வலியால் வருத்துவன. இவற்றுள் ஒன்றையும் செய்யாது, தோலின் நிறத்தை மட்டும் அகற்றிச் செல்லும் நோய் ஒன்று உண்டு. அதனைத் தமிழில் வெண்புள்ளி, வெண்படை, வெண்குட்டம் எனப் பல பெயர்களால் வழங்குகிறோம். மேலை மருத்துவத்தில் அது விட்டிலைகோ எனவும் லூகோடெர்மா எனவும் குறிக்கப்படுகிறது. உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேர் வரை இந்நோய்க்கு ஆட்படுகின்றனர் என்பது பொதுவான கணிப்பு.

இந்நோய் தொற்றுவதில்லை, உயிருக்கு ஊறு செய்வதுமில்லை. எனினும் இந்திய சமூகத்தில் மணவினை தடைப்படுவதற்கும், பள்ளியில் குழந்தை தனித்து அமர்த்தப்படுவதற்கும், பணியிடத்தில் ஒருவர் விலக்கப்படுவதற்கும் இது காரணமாகி வந்துள்ளது. தீங்கற்ற நோய் ஒன்று இத்துணை அச்சத்தைத் தோற்றுவித்தது ஏன் என்னும் வினாவுக்கு நோயின் இயல்பில் விடை காண இயலாது. நோய்க்கு இடப்பட்ட பெயரிலும், அப்பெயர் சுமந்து வந்த கருத்திலும் அதனைத் தேட வேண்டும். வெண்புள்ளியைத் தொழுநோயினின்றும் வேறுபடுத்தி அறிந்த மருத்துவ மரபும், அவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்து ஒதுக்கிய சமூக மரபும் இந்நாட்டில் பக்கம் பக்கமாக வாழ்ந்து வந்தமையை எடுத்துக்காட்டுவதும், நோயின் வகைகளும் மருத்துவமும் பற்றிய அறிவு வளர்ந்த முறையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. நோயின் இயல்பு

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதனை உண்டாக்கும் நிறமி உயிரணுக்கள் மேல்தோலின் அடியடுக்கிலும் மயிர்க்கால்களிலும் அமைந்துள்ளன. உடலின் பாதுகாப்புப் படையாகிய டி வகை நிணவணுக்கள் இந்நிறமி உயிரணுக்களைப் பகையெனக் கருதி அழிக்கும்போது, அவை அழிந்த இடம் பால்போல் வெளுக்கிறது. எனவே இது தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்றாக இன்று கொள்ளப்படுகிறது. தைராய்டு சுரப்பியின் தன்னெதிர்ப்பு நோய்கள் இந்நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவதும் இக்கருத்துக்கு அரணாகிறது.

மரபுக்கூறுகளுக்கு இந்நோயில் பங்குண்டு. ஆயினும் அப்பங்கு முழுமையானதன்று. ஒரே கருமுட்டையினின்றும் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் மற்றவருக்கும் இருப்பது 100-க்கு 23 இணைகளில் மட்டுமே என்று 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மரபுக்கூறுகள் முழுவதும் ஒத்த இருவரிடையே நிலை இதுவாயின், குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருப்பதைக் காட்டி மற்றவர்களுடைய மணவாழ்வைத் தடுப்பது பொருந்தாது என்பது வெளிப்படை.

2. தொன்மைச் சான்றுகள்

இந்நோய் பற்றிய இந்தியச் சான்றுகளுள் பழைமையானவை அதர்வ வேதத்தின் முதற் காண்டத்தில் உள்ளன. அக்காண்டத்தின் 23, 24-ஆம் பாடல்கள் கிலாசம் எனப்படும் தோல் வெளுப்பையும் பலிதம் எனப்படும் மயிர் நரைப்பையும் ஒருங்கே போக்கும்படி மூலிகையை வேண்டுவன. இரவில் பிறந்தது எனவும் கருநிறமுடையது எனவும் அம்மூலிகை விளிக்கப்படுகிறது. கருமை தரும் செடி வெண்மையை மாற்றும் என்னும் ஒப்புமை நம்பிக்கை இவற்றில் தெளிவாகப் புலப்படுகிறது. இரு செய்திகள் இங்கு நோக்கத்தக்கன. ஒன்று, தோலின் வெளுப்பும் மயிரின் வெளுப்பும் ஒரே இனமாகக் கருதப்பட்டமை. இவ்விரண்டும் ஒரே நிறமியின் இழப்பால் நேர்வன என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. மற்றொன்று, வேண்டப்படும் பயன் தோல் முழுதும் ஒரே நிறம் பெறுதல் என்பது. இப்பாடல்களில் நோயாளன் பழிக்கப்படவில்லை; நோய் மட்டுமே விரட்டப்படுகிறது.

பாலி மொழியில் அமைந்த விநய பிடகத்தின் மகாவக்கம் மற்றொரு முக்கியச் சான்றினைத் தருகிறது. மகத நாட்டில் ஐந்து நோய்கள் பரவியிருந்தன எனவும், நோயுற்றோர் புத்தரின் மருத்துவராகிய சீவகரிடம் மருத்துவம் பெறுதற்பொருட்டே சங்கத்தில் சேர்ந்தனர் எனவும், அதனால் அந்நோய்களை உடையோருக்குத் துறவு அளிக்கலாகாது என விதிக்கப்பட்டது எனவும் அந்நூல் கூறுகிறது. குட்டம், கட்டி, கிலாசம், உடலை உலர்த்தும் நோய், வலிப்பு என்பன அவ்வைந்து. இப்பட்டியலில் குட்டமும் கிலாசமும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளமை கருதத்தக்கது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்னும் தெளிவு அக்காலத்தே இருந்தது. எனினும் விலக்கு என்று வரும்போது இரண்டும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டன. இந்த இரட்டை நிலையே பின்வந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது எனலாம்.

3. ஆயுர்வேத நூல்களில் பிரித்தறிதல்

சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் பல படிகளில் வளர்ந்து கிறித்து ஊழியின் முதல் நூற்றாண்டுகளில் வடிவம் பெற்றவை. சரக சங்கிதையின் சிகிச்சைத் தானத்து ஏழாம் அதிகாரம் குட்ட நோயைப் பற்றியது. குட்டத்தை 18 வகையாகப் பகுத்துரைக்கும் அந்நூல், சுவித்திரம் எனப்படும் வெண்புள்ளியை அப்பதினெட்டினுள் அடக்கவில்லை. அதிகாரத்தின் இறுதியில் அதனைத் தனியே எடுத்துப் பேசுகிறது. குருதியைச் சார்ந்தது செந்நிறமாகவும், தசையைச் சார்ந்தது செம்பு நிறமாகவும், கொழுப்பைச் சார்ந்தது வெண்ணிறமாகவும் தோன்றும் என மூவகையும் கூறுகிறது.

சுசுருதம் இன்னும் ஒரு படி முன் செல்கிறது. அதன் நிதானத் தானத்து ஐந்தாம் அதிகாரம் குட்டத்துக்கும் கிலாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை நேரடியாகவே வரையறுக்கிறது. கிலாசம் தோலளவில் நிற்பது, நீர் வடியாதது என்பதே அவ்வரையறை. தொழுநோய் நரம்பையும் தசையையும் எலும்பையும் தாக்கிப் புண்ணாகிச் சிதைப்பது. வெண்புள்ளி தோலைக் கடந்து செல்வதில்லை. நுண்ணோக்கியும் நுண்ணுயிரியலும் இல்லாத காலத்தில், நோயாளியின் உடலைக் கூர்ந்து நோக்கியதால் மட்டுமே கிட்டிய முடிவு இது. தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-இல் கண்டறிந்த பின்னரே இரு நோய்களின் வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

நோய் தீரும், தீராது என முன்னறிந்து கூறுவதிலும் இந்நூல்கள் வியப்பூட்டும் நுட்பம் உடையன. திட்டுகள் ஒன்றோடொன்று கலவாமலும், எண்ணிக்கையில் குறைந்தும், அண்மையில் தோன்றியும், அவற்றின்மேல் உள்ள மயிர் வெளுக்காமலும் இருப்பின் நோய் தீரும் என்பது ஏறத்தாழ கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வாக்படரின் அட்டாங்க இருதயம் கூறும் கருத்து. உள்ளங்கை, உதடு, மறைவிடம் ஆகியவற்றில் தோன்றியது அண்மையதாயினும் தீர்வது அரிது என்றும், தீச்சுட்டதால் வந்த வெண்மை வேறு என்றும் அது குறிப்பிடுகிறது. இன்றைய தோல் மருத்துவரும் இதனையே கூறுவர். அதற்குரிய காரணம் இப்போது தெளிவாகியுள்ளது. மேல்தோலில் அழிந்த நிறமி உயிரணுக்களை மீண்டும் வழங்கும் களஞ்சியம் மயிர்க்கால். மயிர் கறுத்திருப்பின் களஞ்சியம் நிறைந்துள்ளது என்று பொருள். வெளுத்திருப்பின் அது வெறுமையுற்றது என்று பொருள். உள்ளங்கையிலும் உதட்டிலும் மயிர்க்கால் இல்லாமையால் அங்கு நிறம் மீள்வது கடினமாகிறது.

இத்துணைக் கூர்மையுடைய சரக நூலே நோய்க்காரணம் கூறுமிடத்துப் பொய்யுரைத்தல், நன்றி மறத்தல், தெய்வத்தையும் ஆசானையும் இகழ்தல், முற்பிறவித் தீவினை ஆகியவற்றை ஒவ்வாத உணவோடு சேர்த்து எண்ணுகிறது. நோய்க்குறி காண்பதில் மருத்துவராகவும், காரணம் காண்பதில் அறவோராகவும் நூலோர் நிற்பதை இங்குக் காண்கிறோம். உடலை நோக்கிய கண் பிழைபடவில்லை. நோயாளனின் ஒழுக்கத்தை நோக்கிய கண்ணே பிழைபட்டது.

4. அறநூல்கள்: சேர்த்து ஒதுக்குதல்

மருத்துவ நூல்களில் துணைக் கருத்தாக நின்ற வினைக்கொள்கை அறநூல்களில் முதற் கருத்தாக உயர்ந்தது. மனு தரும நூலின் மூன்றாம் இயல் பெண் கொள்ளத் தகாத குடும்பங்களை எண்ணும்போது, சுவித்திரம் உடைய குடும்பத்தையும் குட்டம் உடைய குடும்பத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. நீத்தார் கடனுக்கு அழைக்கத் தகாதோர் பட்டியலிலும் சுவித்திரம் உடையோன் இடம்பெறுகிறான். பதினோராம் இயலோ, ஆடை திருடியவன் மறுபிறப்பில் வெண்புள்ளி பெறுவான் என்று கூறுகிறது. பிறர் உடலை மூடிய ஆடையைக் கவர்ந்தவனுக்குத் தன் உடலை மூடிய நிறம் பறிபோகும் என்னும் ஒப்புமையே இதன் அடிப்படையாகலாம்.

இதனால் விளைந்த தீமை இருவகைப்பட்டது. முதலாவது, நோயுற்றவர் குற்றவாளியாக்கப்பட்டார். அவர் செய்த குற்றத்தை எவரும் கண்டதில்லை. அவருடைய தோலே அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இரண்டாவது, விலக்கு தனியொருவரோடு நில்லாமல் குடும்பம் முழுவதற்கும் விரிந்தது. ஒருத்தியின் கையில் தோன்றிய புள்ளி அவளுடைய தங்கையின் மணத்தைத் தடுக்கும் வழக்கம் இக்கருத்தின் தொடர்ச்சியே ஆகும். நோயை மறைத்தலும், மறைப்பதால் மருத்துவம் பெறாது காலந்தாழ்த்தலும், தாழ்த்தியதால் தீரக்கூடிய நோய் தீராததாதலும் இதன் விளைவுகள்.

5. மேலை நாடுகளிலும் அரபு நாடுகளிலும்

இக்குழப்பம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய எரோடோட்டசு, பாரசீகர்களுள் லெப்ரா அல்லது லியூக்கே உடையோர் நகருக்குள் வரவும் பிறரோடு பழகவும் கூடாது என்னும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஞாயிற்றுக்கு எதிராகக் குற்றம் செய்தமையால் அந்நோய் வந்தது எனப் பாரசீகர் கருதினர் என்றும் கூறுகிறார். லியூக்கே என்பதற்கு வெண்மை என்பதே பொருள்.

எபிரேய மொழியில் லேவியராகமம் கூறும் சாரஅத் என்பது பலவகைத் தோல் மாற்றங்களைக் குறித்த பொதுச்சொல். ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறையும் அச்சொல்லாலேயே குறிக்கப்பட்டமையால், அது தொழுநோய் ஒன்றனுக்கே உரிய பெயரன்று என்பது உறுதி. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது லெப்ரா ஆயிற்று. செதில் உதிரும் தோல் நோயைக் குறித்து வந்த அச்சொல் காலப்போக்கில் தொழுநோய்க்கே உரியதாயிற்று. தமிழ் விவிலியத்திலும் அது குஷ்டரோகம் என்றே பெயர்க்கப்பட்டது. இவ்வாறு பொதுப்பொருளுடைய ஒரு சொல் மொழிக்கு மொழி மாறுகையில் பொருள் குறுகி, வெண்திட்டு உடையோர் அனைவரையும் தொழுநோயாளராகக் காணும் நிலையைத் தோற்றுவித்தது. மொழிபெயர்ப்பு ஒன்றன் விளைவு எத்துணை நெடியது என்பதற்கு இது தக்க சான்று.

இலத்தீன் மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டினராகிய செல்சசு தம் மருத்துவ நூலில் விட்டிலைகோ என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறார். திட்டினை ஊசியால் குத்திப் பார்த்து, குருதி வரின் தீரும் என்றும் வெண்ணீர் வரின் தீராது என்றும் கூறுகிறார். அரபு மொழியோ தொடக்கம் முதலே தெளிவுடையது. வெண்புள்ளிக்குப் பரசு என்றும் தொழுநோய்க்குச் சுதாம் என்றும் தனித்தனிச் சொற்கள் அங்கு உள்ளன.

6. தமிழில் நோய்ப் பெயர்கள்

சங்கப் பாடல்கள் மகளிர் மேனியில் தோன்றும் சுணங்கையும் திதலையையும் அழகாகவே போற்றுகின்றன. பசலையைப் பிரிவுத்துயரின் வெளிப்பாடாகக் காண்கின்றன. இவை வெண்புள்ளி நோயைக் குறித்தன அல்ல. எனினும் மேனியின் நிறம் வேறுபடுதல் தன்னளவில் இழிவாகக் கருதப்படவில்லை என்பதற்கு இவை சான்றாகும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, நீராடிப் பிணி நீங்குவோருள் அழுகு மெய்யாளரைச் சுட்டுகிறது. உடல் அழுகுதல் என்னும் குறியே அந்நோய்க்குப் பெயராகியிருத்தல் காண்க. நிறவேறுபாடு அங்குப் பேசப்படவில்லை.

குட்டம் என்னும் சொல் வடமொழிக் குஷ்ட என்பதனோடும் பாலிக் குட்ட என்பதனோடும் தொடர்புடையது. அச்சொல் வெண்மை என்னும் அடையேற்று வெண்குட்டம், வெண்குஷ்டம், சுவேதகுஷ்டம் என வழங்கலாயிற்று. சுசுருதர் பிரித்து வைத்ததை இப்பெயர் மீண்டும் ஒட்டவைத்துவிட்டது. அடைமொழி வகையைக் குறிக்குமன்றி இனத்தை மாற்றாது. செந்நெல்லும் வெண்ணெல்லும் நெல்லே. அதுபோல வெண்குட்டமும் ஒரு குட்டமே எனக் கேட்போர் கொள்வர். பெயரின் இலக்கணமே நோயின் பொருளைப் பிழைபடச் செய்த இடம் இது.

இதற்கு மாறாகச் சித்த மருத்துவ வழக்கில் வெண்படை என்னும் பெயர் உண்டு. படை என்பது தோல்மேல் படர்வது. படர்தாமரையையும் படை என்றே மக்கள் கூறுவர். தோலளவில் நிற்பது என்னும் கருத்து இப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அண்டை மொழிகளிலும் தெலுங்கில் பொல்லி, கன்னடத்தில் தொன்னு, மலையாளத்தில் வெள்ளப்பாண்டு எனத் தனிப்பெயர்கள் உள்ளன. இந்தியில் வெண்தொழுநோய் எனப் பொருள்படும் சபேத் கோட் என்பதும், வெண்கறை எனப் பொருள்படும் சபேத் தாக் என்பதும் அருகருகே வழங்குகின்றன. பிரித்தறிந்த பெயரும் குழப்பிய பெயரும் ஒரே மொழியில் ஒருங்கே நிலவுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

7. நோயின் வகைகள்

2011-இல் பன்னாட்டு அறிஞர் குழு எய்திய உடன்பாட்டின்படி இந்நோய் மூன்று பெரும்பிரிவுகளாக வகுக்கப்படுகிறது.

முதலாவது இருபுற வகை. உடலின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ ஒத்த இடங்களில் திட்டுகள் தோன்றும். நோயாளருள் பெரும்பாலோர் இவ்வகையினர். முகத்திலும் விரல் நுனிகளிலும் தோன்றுவது, உடலெங்கும் சிதறித் தோன்றுவது, வாய் முதலிய சளிச்சவ்வுப் பகுதிகளில் தோன்றுவது, ஏறக்குறைய மேனி முழுவதும் வெளுத்துவிடுவது என இதற்கு உட்பிரிவுகள் உண்டு. கீறல், உராய்வு, காயம் பட்ட இடங்களில் புதிய திட்டுகள் தோன்றுதல் இவ்வகையின் இயல்பு.

இரண்டாவது ஒருபுற வகை. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் தோன்றும். இளம் வயதில் தொடங்கி, சில காலம் விரைந்து பரவிப் பின்னர் நின்றுவிடும். மயிர் விரைவில் வெளுக்கும். பரவுதல் நின்றுவிடுவதால் அறுவை முறைக்கு இவ்வகை ஏற்றது. மூன்றாவது, இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்று தொடக்கத்தில் துணிய இயலாத வகை. ஒன்றிரண்டு திட்டுகளோடு நிற்பன இதில் அடங்கும்.

வெண்புள்ளியென மயங்கத்தக்க பிற நிலைகளும் உள்ளன. தொழுநோய்த் திட்டு முழுவதும் வெளுக்காது மங்கிய நிறத்தில் இருக்கும். அங்குத் தொடுவுணர்வு குறைந்திருக்கும். வெண்புள்ளியில் உணர்வு குறைவதில்லை. தேமல் பூஞ்சையால் வருவது. மெல்லிய செதில் உடையது. பிறப்பிலேயே அமையும் வெண்திட்டு வேறு. வேதிப்பொருள்களால் வருவது வேறு. 1939-இல் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலையொன்றில் இரப்பர்க் கையுறை அணிந்த தொழிலாளரின் கைகள் வெளுத்தன. கையுறையில் கலந்திருந்த மானோபென்சோன் என்னும் பொருளே காரணம் எனக் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள பியூட்டைல் பீனால் வகைப் பொருளால் மகளிர் நெற்றியில் வெண்மை தோன்றுவதைத் தோல் மருத்துவர் பதிவு செய்துள்ளனர். மங்கலச் சின்னமாக இட்ட பொட்டே பழிச்சொல்லுக்கு இடமாதல் இரங்கத்தக்கது. இங்கு வினையுமில்லை, மரபுமில்லை, பசைதான் காரணம்.

8. மருத்துவ வரலாறு: வித்தும் வெயிலும்

மருந்தை உட்கொண்டு அல்லது பூசி வெயிலில் இருத்தல் என்பதே இந்நோய்க்குரிய மிகப் பழைய மருத்துவம். சரக சங்கிதை, பேயத்தியாகக் கருதப்படும் மலயூ என்னும் மரத்தின் சாற்றை வெல்லத்தோடு பருகச் செய்து, நோயாளியின் வலிமைக்கேற்ப வெயில் காயச் செய்யுமாறு கூறுகிறது. வாகுசி என வடமொழியிலும் கார்போகரிசி எனத் தமிழிலும் வழங்கும் வித்து ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்று மருத்துவ முறைகளிலும் வெண்புள்ளிக்கு உரிய மருந்தாகப் போற்றப்படுகிறது.

இதற்கு இணையான மரபு நைல் ஆற்றங்கரையிலும் இருந்தது. 1248-இல் மறைந்த மூலிகை அறிஞர் இபுன் அல்-பைத்தார், ஆத்ரில்லால் என்னும் செடியின் வித்தை உண்டு வெயிலில் நிற்கும் மருத்துவத்தைப் பதிவு செய்துள்ளார். ஒன்றற்கொன்று தொலைவிலுள்ள இரு நிலங்களில் வெவ்வேறு செடிகள் ஒரே முறையில் பயன்பட்டது தற்செயலா என்னும் வினாவுக்கு 20-ஆம் நூற்றாண்டின் வேதியியல் விடை கண்டது.

1933-இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் ஆகிய இந்திய வேதியியலார் கார்போகரிசியை ஆராய்ந்து அதன் வேதிக்கூறுகளை இந்திய வேதியியல் கழக இதழில் வெளியிட்டனர். சோராலன் என்னும் பொருள் அச்செடியினத்தின் இலத்தீன் பெயராலேயே வழங்கப்படுகிறது. 1947-இல் எகிப்திய அறிஞர் பாமியும் உடனுழைத்தோரும் ஆத்ரில்லால் வித்தினின்றும் அதே குடும்பத்தைச் சார்ந்த மெத்தாக்சி சோராலனைப் பிரித்தெடுத்தனர். கெய்ரோ மருத்துவர் எல் மோப்தி அதனை நோயாளரிடம் பயன்படுத்தி 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். 1953-இல் லெர்னர், டென்டன், பிட்ஸ்பாட்ரிக் ஆகியோர் அமெரிக்காவில் அதனை ஆராய்ந்தனர். 1974-இல் சோராலனோடு செயற்கைப் புற ஊதாக் கதிரைச் சேர்க்கும் முறை செதிலுதிர் நோயாகிய சோரியாசிசுக்கு அறிமுகமாகி, வெண்புள்ளிக்கும் விரிந்தது. ஞாயிற்றுக்கு மாறாக விளக்கு வந்தது. வித்துக்கு மாறாக மாத்திரை வந்தது. முறை பழையதே.

சோராலன் தனித்துச் செயல்படாது. புற ஊதாக் கதிர் பட்டபோதே செயல்படும். ஆகவே மருந்தையும் வெயிலையும் இணைத்த பண்டைய மருத்துவரின் பட்டறிவு மெய்யானது. அதே காரணத்தால் அளவு மிகின் தோல் வெந்து கொப்புளிக்கும் என்பதும் மெய்யே. மருந்திட்டு வெயில் காய்ந்தபின் கொப்புளம் எழும் என்பதைச் சரக நூலே கூறுகிறது. மருத்துவர் துணையின்றிக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்போர் புண்பட்டு, புண்பட்ட இடத்தில் புதிய திட்டுகளையும் பெறக்கூடும்.

9. இன்றைய மருத்துவ முறைகள்

இன்றைய மருத்துவம் மூன்று நோக்கங்களை உடையது: நோய் பரவுதலை நிறுத்தல், இழந்த நிறத்தை மீட்டல், மீண்டதைக் காத்தல். சிறு திட்டுகளுக்கு ஸ்டீராய்டு களிம்பும், முகம் போன்ற மென்மையான இடங்களுக்கு டாக்ரோலிமசு களிம்பும் பயன்படுகின்றன. விரைந்து பரவும் நோயைத் தடுக்கப் பீட்டாமெத்தசோனை வாரத்தில் தொடர்ந்து இரு நாள் மட்டும் அளிக்கும் முறையைப் பஸ்ரிச்சா, கைத்தான் ஆகிய இந்திய மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்டனர். 1997-இல் நெதர்லாந்து மருத்துவர் வெஸ்டர்ஹாப் குழுவினர் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறும்பட்டைப் புற ஊதாக் கதிரே தனித்துப் பயன்தரும் எனக் காட்டியபின், சோராலன் உட்கொள்ளும் தேவை பெரிதும் குறைந்தது. குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் ஏற்ற முறையாக அது கருதப்படுகிறது. நிறம் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகத் தோன்றிப் பின் இணையும். இதற்குப் பல மாதங்கள் ஆகும்.

நோய் பரவாது நிலைத்துவிட்டவர்க்கு அறுவை முறைகள் உள்ளன. டில்லி மருத்துவர் பெல் 1964-இல் மெல்லிய தோலொட்டு முறையை வெளியிட்டார். 1971-இல் கொலம்பிய மருத்துவர் பலபெல்லா உறிஞ்சு கொப்புள முறையையும், 1992-இல் பிரெஞ்சு மருத்துவர் கோத்தியே குழுவினர் நிறமி உயிரணுக்களைக் கரைசலாக்கிப் பதியனிடும் முறையையும் அறிமுகப்படுத்தினர். மயிர்க்காலில் களஞ்சியம் வெறுமையுற்ற இடத்துக்கு வேறிடத்தினின்றும் விதை கொண்டுவருதல் இவற்றின் கருத்து. வாக்படர் தீராது என ஒதுக்கிய நிலைகளுள் சில இதனால் தீரக்கூடியன ஆயின.

தன்னெதிர்ப்பின் வழியை அறிந்ததால் அண்மையில் புதிய மருந்துகள் தோன்றியுள்ளன. நிணவணுக்கள் வெளியிடும் இன்டர்பெரான் காமா என்னும் பொருளின் செய்தி ஜேக் என்னும் நொதியின் வழியே செல்கிறது. அந்நொதியைத் தடுக்கும் ருக்சோலிட்டினிப் களிம்பு, 12 வயதுக்கு மேற்பட்ட இருபுற வகை நோயாளருக்காக 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நிறத்தை மீட்பதற்கென்றே அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் களிம்பு இதுவாகும். மேனியின் பெரும்பகுதி வெளுத்துவிட்டோர்க்கு எஞ்சிய நிறத்தை நீக்கி ஒரே நிறமாக்கும் வழியும் உண்டு. அதற்குப் பயன்படுவது, ஆலைத் தொழிலாளரின் கையை வெளுக்கச் செய்த அதே மானோபென்சோன் ஆகும்.

இவை அனைத்தும் எல்லார்க்கும் ஒரே அளவில் பயன்தருவன அல்ல. சில நாளில் முற்றும் குணம் என விளம்பரம் செய்வோரை நம்பிப் பொருளிழந்தோர் பலர். மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம், விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் லூகோடெர்மாவையும் சேர்த்துள்ளது. அவ்வட்டவணையிலும் அது தொழுநோய்க்கு அடுத்தே நிற்கிறது. ஆனால் இங்கு விலக்கப்படுவோர் நோயாளர் அல்லர், அவரை ஏமாற்றுவோர். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தொழுநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாகக் கொண்டிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. வெண்புள்ளியை அச்சட்டம் பெயர் சுட்டிக் கூறியதே இல்லை. சட்டம் கூறாததை வழக்கம் கூறிவந்தது என்பதே உண்மை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. வெண்புள்ளி தொழுநோயன்று என்னும் அறிவு இந்நாட்டுக்குப் புதியதன்று. சுசுருதரே அதனை வரையறுத்துவிட்டார். அவ்வறிவு மருத்துவ நூலைக் கடந்து மக்கள் வழக்கை எட்டவில்லை. அறநூல் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது. பெயர் இரண்டையும் ஒரே இனமாக்கியது. மருந்து தேடியோர் வித்தையும் வெயிலையும் தொடர்ந்து ஆராய்ந்து இன்றைய நிலைக்கு வந்துள்ளனர். பெயர் வழங்கியோர் நின்ற இடத்திலேயே நின்றனர்.

எனவே அகராதி தொகுப்போரும், பாடநூல் எழுதுவோரும், மொழிபெயர்ப்போரும் இந்நோயைக் குறிக்க வெண்புள்ளி, வெண்படை என்னும் பெயர்களையே ஆளுதல் வேண்டும். வெண்குட்டம் என்பதைப் பழைய நூல்களைப் படிப்போர் பொருட்டு அகராதியில் வைத்திருக்கலாம். அது பிழைபட்ட வழக்கு, தொழுநோயோடு தொடர்பற்றது என்னும் குறிப்போடு வைத்தல் இன்றியமையாதது. தொழுநோயும் இன்று மருந்தால் முற்றும் தீரக்கூடியதாகிவிட்டமையால், அந்நோயாளரை இழிவுபடுத்தி இவரைக் காப்பது நம் கருத்தன்று. ஒருவருடைய நோயை அதன் சரியான பெயரால் அழைத்தல் அவருக்குரிய மருத்துவத்தின் முதற்படி. அப்படியை அமைத்துத் தருவது மருத்துவரினும் மொழியறிஞருக்கே உரிய கடமையாகும்.